மலைக்குச் சாட்சி

மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று நோக்குமாறு திருமறை மனிதனை அழைக்கிறது. நோக்குவது வணக்கமாகலாம் எனில், நோக்கியதைப் பிறர்க்கு எடுத்துரைப்பது சாட்சியம் ஆகும். சாட்சியத்திற்கோ ஒழுங்குகள் உண்டு. இக்கருத்தை நாம் நூல்களில் பலமுறை ஓதியும் ஓதுவித்தும் இருக்கிறோம். எனினும் அதன் கனத்தை நமக்கு உணர்த்தியது, நம் வேடசந்தூரில் ஓர் இளைஞர் எடுத்த புகைப்படம் ஒன்றேயாகும்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் வேடசந்தூரைக் கடந்தால், சமவெளியில் தனித்து நிற்கும் ரங்கமலை கண்ணிற்படும். நம்மிடம் சிறுவயதில் ஓதியவரும் இன்று நூற்பாலையில் பணிபுரிபவருமான அவ்விளைஞர், மழை ஓய்ந்த ஒரு விடியலில் குடகனாற்றங்கரையில் நின்று அம்மலையைத் தம் கைப்பேசியில் படம் பிடித்தார். மேலே மங்கிய வானம், நடுவே மலை, குறுக்கே மின்கம்பிகள், கீழே வறண்ட மணலும் சீமைக் கருவேலமும். "எப்படியிருக்கிறது, ஹஜ்ரத்?" என்று வினவினார். நாம் ஒரு கணம் பார்த்து, "மாஷா அல்லாஹ், நன்று" என்று கூறி அனுப்பிவிட்டோம்.

அவர் பலரிடமும் கருத்துக் கேட்டார். கம்பிகள் கண்ணை உறுத்துகின்றன என்றார் ஒருவர். வானத்தில் செம்மை போதாது என்றார் இன்னொருவர். ஆறு வறண்டிருப்பது அழகைக் கெடுக்கிறது, நீர் இருந்தால் மலையின் நிழல் அதில் விழுமே என்றார் மூன்றாமவர். இன்றைய கருவிகளுக்கு இவையெல்லாம் சில நிமிட வேலை. கம்பிகள் மறைந்தன, வானம் சிவந்தது, குடகனாறு கரை தொட ஓடிற்று. திருத்திய படத்தை நம்மிடம் காட்டியபோதும் நாம் "மிக நன்று" என்றோம். அவர் அதனைப் பெரிதாக அச்சிட்டு, உறவினர் ஒருவரின் தேநீர்க் கடையில் மாட்டிவைத்தார்.

ஒரு நாள் நாம் அங்கிருக்கையில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் வைத்திருக்கும் முதிய உழவர் ஒருவர் அப்படத்தை நெடுநேரம் உற்று நோக்கினார். பிறகு, "தண்ணி எப்போ வந்துச்சு தம்பி? எங்க பக்கம் வரலையே" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நீருக்காகப் பல ஆண்டுகள் மனுவெழுதி அலைந்தவரின் கேள்வி அது. இளைஞர் தலைகுனிந்தார். நாமும் குனிந்தோம்.

அன்றிரவு நம் உள்ளத்தை வருத்திய கேள்வி இதுதான்: ஒரு படத்தைத் திருத்துவதில் எது வரை அழகுபடுத்தல்? எது முதல் பொய்?

உயிரற்றவற்றை வரைவது பற்றிய தயக்கம் இங்கில்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு மரங்களையும் உயிரில்லாப் பொருள்களையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி நாம் அறிந்ததே. திருத்தம் எதுவாயினும் பொய்யே என்று சொல்வதும் பொருந்தாது. கருவி தன்னளவில் உண்மை பேசுவதில்லை. ஒளிமிக்க வானையும் நிழலடர்ந்த அடிவாரத்தையும் நம் கண் ஒருசேரக் காண்கிறது. கருவியோ ஒன்றை வெளுக்கச் செய்கிறது, அல்லது மற்றொன்றைக் கருக்கச் செய்கிறது. கண்ணும் பிழை செய்யக்கூடியதே. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் பெருநூலை யாத்த இப்னுல் ஹைதம் அவர்கள், பார்வையின் பிழைகளை ஆராய்வதற்கென்றே அதன் மூன்றாம் பகுதியை ஒதுக்கினார்கள். ஆகவே கருவி மறைத்த நிழலைச் சற்று வெளிக்கொணர்வது, கண்டதற்கு அருகே படத்தைக் கொண்டு செல்வதே ஆகும்.

இங்கு ஹதீஸ் கலை நமக்குத் துணை நிற்கிறது. ஹிஜ்ரி 643 இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் 'முகத்திமா'வில் ஆராய்ந்தவற்றுள் மூன்றினை எடுத்துக்கொள்வோம். முதலாவது, சொல்லைச் சொல்லாக அன்றிக் கருத்தால் அறிவித்தல். சொற்பொருளையும், எம்மாற்றம் கருத்தைக் கெடுக்கும் என்பதையும் அறிந்தவருக்கு அறிஞருள் பெரும்பாலோர் இதனை அனுமதித்தனர். இரண்டாவது இத்ராஜ், அறிவிப்பாளர் தம் சொல்லை மூலத்தோடு பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடுதல். மூன்றாவது தத்லீஸ், குறையை மறைத்து நிறைவுபோல் காட்டுதல். வாணிபச் சட்டத்திலும் பொருளின் குறையை மறைப்பதற்கு இதே பெயர்தான். ஒளியைச் சீராக்குவது முதல் வகையைச் சாரும். இல்லாத நீரைச் சேர்ப்பது இரண்டாவதைச் சாரும். சேர்த்ததைச் சொல்லாமல் மாட்டிவைப்பது மூன்றாவதையும் தொட்டுவிடுகிறது.

இவ்வழக்கம் இன்று தோன்றியதன்று. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராக 1856 இல் நியமிக்கப்பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப், 1858 இல் மதுரைப் பகுதிக்கு வந்து கோயில்களோடு யானைமலையையும் படமாக்கினார். அக்காலக் காகித நெகட்டிவ் நீலத்திற்கு மிகையாக இணங்கியதால், அச்சிட்ட படத்தில் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். ஆகவே அவர் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இது பொய்யா? மலையின் வடிவத்தை அறிய வருபவன் அம்மேகத்தால் ஏமாறான். அன்றைய வானிலையை அறிய வருபவன் ஏமாறுவான். ஒரே திருத்தம் ஒருவருக்குத் தீங்கற்றதாகவும் மற்றவருக்குப் பொய்யாகவும் ஆவதைக் காண்கிறோம்.

அமெரிக்க மலைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஆன்சல் ஆடம்ஸ், 1944 இல் லோன் பைன் என்னும் ஊரிலிருந்து சியரா நெவாடா மலைத்தொடரின் விடியலைப் பிடித்தார். அவ்வூர்ப் பள்ளி மாணவர் குன்றொன்றில் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளை வெள்ளையடித்துப் பெரிதாக அமைத்திருந்தனர். ஆடம்ஸ் அவற்றைப் படத்திலிருந்து நீக்கினார்; அதற்காகச் சிலரின் கண்டனத்தையும் பெற்றார். ஆயினும் 1983 இல் தம் நாற்பது படங்களைப் பற்றி எழுதிய நூலில் நீக்கியதைத் தாமே வெளிப்படையாகக் கூறினார். அதற்கு ஓராண்டு முன், 1982 பிப்ரவரியில், 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ் தன் அட்டையின் நெடுக்கத்திற்குப் பொருந்துமாறு கீஸாவின் பிரமிடுகளைக் கணினியால் நெருங்கச் செய்தது. உள்ளது உள்ளபடி காட்டும் என்று வாசகர் நம்பிய இதழ் அது. ஆகவே அச்செயல் பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

மாற்றத்தின் அளவைக் கொண்டு மட்டும் பொய்யை அளக்க இயலாது என்பதே இவற்றால் நாம் பெறும் தெளிவு. காண்பவர் எதை நம்பிப் பெற்றுச் செல்கிறார், அதில் நாம் கைவைத்தோமா, வைத்ததைச் சொன்னோமா என்பனவே அளவுகோல். தானியக் குவியலினுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்தார்கள். நனைந்த தானியத்தை விற்கலாகாது என்று அவர்கள் தடுக்கவில்லை, மறைத்ததையே கடிந்தார்கள். அந்த உழவர் நம் இளைஞரின் படத்தில் தேடியது அழகையன்று, தண்ணீரை. அவர் நம்பிய இடத்திலேயே படம் அவரை ஏமாற்றியது.

குற்றம் இளைஞருடையது மட்டுமோ? ஆலோசனை கேட்கப்பட்டவர் ஓர் அமானிதத்தை ஏற்றவர் என்பது நபிமொழியின் கருத்து. விசுவாசியை மற்றொரு விசுவாசிக்குக் கண்ணாடியாக உவமித்ததும் நபிமொழியே. கண்ணாடி முகத்திலுள்ள மாசைக் காட்டும். மிகையாகவும் காட்டாது, குறைத்தும் காட்டாது. நீரைச் சேர்க்கச் சொன்னவராவது படத்தைக் கூர்ந்து பார்த்தார். நாமோ பாராமலே பாராட்டினோம். ஆற்றில் நீரில்லை என்பதை நாள்தோறும் பாலத்தின்மேல் நடந்து அறிந்த நாம், நீரோடும் படத்தைக் கண்டும் வாய்திறக்கவில்லை. அவர் மனம் நோகாதிருக்கவே அவ்வாறு செய்தோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மையில் நாம் தவிர்த்தது நம் சிரமத்தையே.

மறுநாள் அவரை அழைத்து, "தம்பி, நாம் உமக்குத் தவறிழைத்தோம்" என்றோம். "நீங்க என்ன ஹஜ்ரத் செஞ்சீங்க?" என்று அவர் திகைத்தார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டோம்: "அன்று அங்கு நின்றபோது உம்மை நிறுத்தியது எது?" சற்று யோசித்து, "இவ்வளவு மழை பெஞ்சும் ஆத்துல தண்ணி இல்லையேன்னுதான் நின்னேன்" என்றார். அவரை நிறுத்திய அந்த ஒன்றையே எல்லோருமாகச் சேர்ந்து படத்திலிருந்து அழித்திருந்தோம்!

முதற்படம் அவரிடம் பத்திரமாக இருந்தது. அதனை மீண்டும் எடுத்தார். சாய்ந்திருந்த அடிவானத்தை நேராக்கினார். மலையடியின் இருளைச் சற்றுத் தளர்த்தினார். மேலே வெறுமையாயிருந்த வானத்தைக் கொஞ்சம் வெட்டி, மணலுக்கு இடம் கொடுத்தார். கம்பிகளைப் பற்றி நம்மிடம் கேட்டார். அவற்றை அழிப்பதினும், இன்னொரு விடியலில் சில அடிகள் தள்ளி நின்று பார்க்கலாமே என்றோம். பார்த்தார், அங்கிருந்து எடுத்த படத்தில் கம்பிகள் ஓரமாய் ஒதுங்கின, மறையவில்லை. இரண்டு படங்களுள் எது சிறந்தது என்பதில் எமக்குள் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. நாம் முதலாவதையே விரும்புகிறோம். அதனை மறையாமல் அவரிடம் கூறியும் விட்டோம்.

தேநீர்க் கடையில் இப்போது மாட்டியிருப்பது அவர் தேர்ந்த இரண்டாவது படம். வறண்ட மணலும் அதன் மேல் ரங்கமலையும். கண்டதைக் கண்டபடி உரைக்கும் நாவையும், உரைப்பவர் மனம் உடையாமல் உண்மையைச் சொல்லும் பண்பையும் அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.