எண்ணும் பொறுப்பும்

ஜொகூரின் செனாய் நிலையத்தில் வானூர்தி ஏறுவோர், யாரோ கணித்த எண்களை நம்பியே ஏறுகின்றனர். 1983 ஜூலை 23இல் ஏர் கனடாவின் போயிங் 767 வானூர்தியில் நடுவானிலேயே எரிபொருள் தீர்ந்தது. லிட்டருக்கு 0.8 கிலோகிராம் எனக் கொள்ள வேண்டியவர்கள், பவுண்டுக்குரிய 1.77ஐக் கிலோகிராமாகக் கொண்டு கணித்திருந்தனர். தேவையில் பாதிக்கும் குறைவே நிரம்பியது. விமானியின் திறத்தால் கிம்லியில் இறங்கி அனைவரும் உயிர் பிழைத்தனர். எண் பொய்யன்று, அஃது எதன் அளவு என்பதை மறந்ததே பிழை.

இன்று வானூர்தி விவரங்களைச் செயற்கை அறிவுக் கருவிகள் நொடியில் தேடித் தருகின்றன. தேடும் உழைப்பைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பையும் ஒப்படைக்க இயலுமா? தவறினால் கருவி வருந்துவதில்லை, பழியேற்பதுமில்லை. யார் சொல்லக் கேட்பினும் உண்மையை ஆராய்வதே அறிவு என்பது வள்ளுவர் வகுத்த நெறி. ஆகவே, விடையைப் பெற்ற மாணவன், ‘எங்கிருந்து வந்தது? எந்த அளவையில்?’ என்று வினவவும் பழக வேண்டும். அவ்வினாவைக் கைவிடும் நாளில், கருவி நம்மினும் உயர்ந்துவிடவில்லை, நாமே தாழ்ந்துவிட்டோம்.