சட்டைப்பைக்குள் ஒரு கடை: அதற்கு ஷட்டர் எங்கே?





துணி வியாபாரம், பிரியாணி ஆர்டர், வீட்டிலிருந்தே புர்கா தைத்து விற்பது எனச் சிறுதொழில் செய்யும் நம்மில் பலருக்கு இன்று கைப்பேசிதான் கடை. சரக்கின் படம் வாட்ஸ்அப்பில் போகிறது, பணம் யுபிஐயில் வருகிறது, பாக்கிக் கணக்கும் அதிலேயே ஏறுகிறது. இது அல்லாஹ் தந்த நிஃமத். குர்ஆனின் மிக நீளமான வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்கிறது அது. 50 ரூபாய் பாக்கியைக்கூட அந்த இடத்திலேயே பதிந்து வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடலாம் என்றால், அந்தக் கட்டளையைப் பேணுவது நமக்கு எளிதாகியிருக்கிறது.

ஆனால் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: கைப்பேசி மிச்சப்படுத்திய நேரம் எங்கே போனது? அலைச்சல் குறைந்தது, வங்கி வரிசை குறைந்தது. அப்படியானால் பிள்ளைகளோடு இருக்கும் நேரம் கூடியிருக்க வேண்டுமே! முன்பு ஷட்டரை இறக்கினால் அன்றைய வியாபாரம் முடிந்தது. இப்போது கடை சட்டைப்பையில் இருக்கிறது. சாப்பிடும்போதும், படுக்கையிலும், ஏன், குத்பாவின் நடுவிலும் அது திறந்தே கிடக்கிறது.

மதீனாவில் ஒரு ஜும்ஆ நாளில் சரக்கு ஏற்றிய ஒட்டகக் கூட்டம் வந்தது. மக்கள் நபி (ஸல்) அவர்களை விட்டுவிட்டு அதை நோக்கி விரைந்தார்கள். 12 பேர் மட்டுமே எஞ்சினார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. ஜும்ஆ அத்தியாயத்தின் கடைசி வசனம் இதையொட்டியே இறங்கியது. அன்று ஆளை வெளியே இழுக்க ஓர் ஒட்டகக் கூட்டம் தேவைப்பட்டது. இன்று ஒரு மெசேஜ் சத்தம் போதும். உடல் ஸஃப்பில் நிற்கும், மனம் வெளியேறிவிடும்.

அதே அத்தியாயம், தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விடச் சொல்கிறது. தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடவும் சொல்கிறது. சம்பாத்தியத்தை மார்க்கம் தடுக்கவில்லை, அதற்கு ஒரு வேலி போடுகிறது. அளவுமீறி வணக்கத்தில் மூழ்கிய அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய ஹக்கை அவரவருக்குக் கொடுக்கும்படி ஸல்மான் (ரலி) சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள் நபியவர்கள். வணக்கத்துக்கே இந்த வேலி என்றால் வியாபாரத்துக்கு வேண்டாமா?

"உடனே பதில் போடாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே!" என்பீர்கள். நியாயமான கவலைதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி. வாட்ஸ்அப் பிசினஸில் கடை நேரத்தைக் குறிக்கலாம். நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகவே பதில் போகும்படி செய்யலாம். விலையையும் படத்தையும் முன்கூட்டியே கேட்டலாக்கில் ஏற்றி வைக்கலாம். இதெல்லாம் ஒட்டகத்தைக் கட்டுவது. அதற்குப் பிறகும் ஓர் ஆர்டர் போனால், அது நமக்கு எழுதப்பட்ட ரிஸ்க் இல்லை என்று நெஞ்சு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஓர் அமானிதம் இருக்கிறது. "காலை 9 மணிக்குப் பதில் தருவோம்" என்று தானாகப் போன செய்தியும் உங்கள் வாக்குறுதிதான். இயந்திரம் சொன்னது என்று தப்பிக்க முடியாது. அதுபோல, கடையில் வேலை செய்யும் தம்பிக்கு இரவு 11 மணிக்கு, "ஸ்டாக் எவ்வளவு?" என்று மெசேஜ் அனுப்பும்போது, அவருடைய வீட்டின் ஹக்கையும் நாம் எடுத்துக்கொள்கிறோம். நமக்குக் கீழே இருப்பவர்கள் நம் சகோதரர்கள், சக்திக்கு மீறி அவர்களைச் சுமக்க வைக்கக் கூடாது என்பது நபிமொழியின் கருத்து.

இன்று அஸருக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். கைப்பேசிக்கடைக்கு மூடும் நேரம் ஒன்றைக் குறித்து, அதை வீட்டாரிடமும் வேலையாளிடமும் சொல்லிவிடுங்கள். நூர் அத்தியாயம் புகழும் மனிதர்கள் வியாபாரத்தைத் துறந்தவர்கள் என்று அல்லாஹ் கூறவில்லை. வியாபாரம் அவர்களை அவனது நினைவிலிருந்து திருப்பிவிடாது என்றே கூறுகிறான்.

அந்தக் கூட்டத்தில் நம்மையும் சேர்த்து, நம் ரிஸ்கிலும் நேரத்திலும் வல்ல ரஹ்மான் பரக்கத் செய்வானாக! ஆமீன்.