கடலடியில் ஒரு போர்க்கப்பல்



திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு இன்று. போர்க்கருவிகள் உழவுக்கருவிகளாக மாறும் நாளை முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசாயா நம் கண்முன் நிறுத்தினார். எப்போது வரும் அந்த நாள் என்று ஏங்குகிறோம். தரையில் அது இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மட்டக்களப்புக் கடலுக்கு அடியில், நாம் யாரும் கேட்காமலேயே, அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

1942 ஏப்ரல் 9. இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹெர்மிஸ்’ மீது ஜப்பானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். பக்கத்தில் சென்ற ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் 600 பேர் வரை காப்பாற்றியது.

அந்தக் கப்பல் இன்றும் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. முதுகில் காற்று உருளையோடு தேர்ந்த முக்குளிப்போர் அங்கே இறங்குகிறார்கள். அந்த ஆழத்தில் மனித உடலை அழுத்தும் பாரம் தரையில் இருப்பதைப் போல ஆறு மடங்கு. சிவப்பு நிறம் அவ்வளவு தூரம் எட்டாது. எல்லாமே நீலச் சாம்பலாகத் தெரியும். கைவிளக்கைப் போட்டால் துருப்பிடித்த இரும்பின்மேல் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பவளங்கள் விழித்தெழும். விமானங்களைச் சுட நிறுத்திய பீரங்கிகளைச் சுற்றிக் கலவாவும் பாரையும் திரியும். கீழே தங்குவது சில நிமிடங்கள்தான். ஏறி வருவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அவசரப்பட்டால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகி உயிரையே பறிக்கலாம். எதையும் எடுத்துவராமல், கல்லறைக்குப் போன மரியாதையோடு திரும்புகிறவர்களே நல்ல முக்குளிப்போர்.

மனிதன் கொல்வதற்காகக் கட்டியதை ஆண்டவர் உயிர்களுக்கு வீடாக்கியிருக்கிறார். இது என் விசுவாசம். ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், ஆண்டவர் உயிர்களுக்கு வீடாகக் கட்டியதை நாம் என்ன செய்தோம்?

நம் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அங்குள்ள பவளப்பாறை வெறும் கல் அல்ல. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, தலைமுறை தலைமுறையாக எழுப்பிய கட்டடம். அதைப் பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டுவந்து, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்றோம். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போனதும், விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அதற்குப் பிறகும் ஆபத்து தீரவில்லை. நீர் சூடாகும்போது பவளத்துக்கு உணவும் நிறமும் தரும் பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளுத்துப்போகிறது. 2010-லும் 2016-லும் அங்கே அப்படி நடந்தது.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நோவாவின் காலத்தை நினைவூட்டுகிறார். கவனித்தீர்களா? அந்த மக்கள் செய்த கொடுமைகளை அவர் அங்கே பட்டியலிடவில்லை. சாப்பாடு, கல்யாணம் என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் வரும்வரை அவர்கள் எதையும் உணரவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. கடலடியில் நடப்பது நம் கண்ணில் படாததால், அது நம் கணக்கில் வராது என்று இருந்துவிட்டோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில், உலகப் பவளப்பாறைகள் அழிவதைத் தனியாக எடுத்துச் சொல்லி வருந்துகிறார். திருத்தந்தையே அதை எழுதிய பிறகு, இது மீனவர் பாடு என்று நாம் ஒதுங்க முடியாது.

“சாமி, நம்ம ஊர் எடமலைப்பட்டி புதூரில் ஏது கடல்?” என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்ப்பக்கம் ஓடும் கோரையாறு எங்கே போகிறது? குடமுருட்டியாகிக் காவிரியில் சேர்கிறது, காவிரி கடலுக்குப் போகிறது. பாலத்தில் நின்று நாம் வீசும் நெகிழிப்பை அந்த வழியை நன்றாக அறியும்.

இந்த வாரம் டிசம்பர் 3, புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிழா. 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ப் பிழைத்த மக்களிடம்தான் வந்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு, தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கடலோர மக்களின் விசுவாசம் இந்த மண்ணின் திருச்சபைக்கு அடித்தளம். அவர்களுடைய கடலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே உங்களை மன்றாடிக் கேட்கிறேன். இந்தக் கிறிஸ்துமசுக்கு உங்கள் வீட்டுக் குடிலில் தெர்மாகோல் வேண்டாம். வைக்கோலும் மண்ணும் மூங்கிலும் போதும். நம் கோவில் குடிலும் அப்படித்தான் அமையட்டும். விடுமுறையில் தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ போனால், யார் விற்றாலும் பவளத்துண்டை வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், பிள்ளைகளையும் பேச விடுங்கள். சவேரியார் திருவிழாத் திருப்பலியில் கடல் தொழிலாளர்களுக்காகவும், அந்தக் கப்பலோடு மாண்ட 307 பேருக்காகவும் சேர்ந்து மன்றாடுவோம். எல்லாரும் வாருங்கள்.