தீர்ப்புக்கு முந்திய சிறை: கொடுங்குற்ற வழக்குகளில் பிணையும் அறமும்

குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கொள்ள வேண்டும் என்பது இந்தியக் குற்றவியல் முறையின் அடிப்படைக் கோட்பாடு. அக்கோட்பாடு கடுஞ்சோதனைக்கு உள்ளாகும் இடம் இறுதித் தீர்ப்பன்று. பிணை மனு விசாரணையே ஆகும். அந்நிலையில் சாட்சிகள் கூண்டேறியிருப்பதில்லை. சான்றுகள் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டிருப்பதில்லை. எனினும் ஒருவர் வீட்டில் இருப்பதா சிறையில் இருப்பதா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. இதற்குரிய அறக்காரணம் யாது என்பது ஆராயத்தக்கது.

நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் 1977இல் வழங்கிய தீர்ப்புகள், பிணையே பொதுவிதி, சிறை விலக்கு என்னும் கருத்தை நிலைநிறுத்தின. விசாரணைக் காலச் சிறை தண்டனையன்று. குற்றம் சாட்டப்பட்டவர் தப்பியோடுதல், சான்றுகளை அழித்தல், சாட்சிகளை அச்சுறுத்தல் ஆகியவற்றைத் தடுக்கும் ஏற்பாடு மட்டுமே. 1978இல் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் பிணையம் கேட்கப்பட்டதையும், வேறு மாவட்டத்தில் சொத்துடைய அவர் உடன்பிறந்தாரின் பிணையம் மறுக்கப்பட்டதையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எளியோர்க்குப் பிணை ஆணை கிடைத்தும் விடுதலை கிடைப்பதில்லை என்பதை அவ்வழக்கு புலப்படுத்திற்று.

கொலை முதலிய கொடுங்குற்றங்களில் குற்றத்தின் கடுமையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இவ்வளவுகோலுக்கு இருவேறு பொருள்கள் உண்டு. கடுந்தண்டனைக்கு அஞ்சி ஒருவர் தப்பியோடக்கூடும் என்பது ஒன்று. இத்தகைய கொடுமை செய்தவர் வெளியில் நடமாடலாகாது என்பது மற்றொன்று. முன்னது எதிர்காலம் பற்றிய கணிப்பு. பின்னதோ, செய்தார் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட சினம். பிணை ஆணைகள் பலவற்றில் இவ்விரண்டும் பிரித்தறிய இயலாதவாறு கலந்து கிடக்கின்றன.

சிறப்புச் சட்டங்கள் இக்கலப்பையே விதியாக்கியுள்ளன. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, வணிக அளவிலான வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர் என நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தாலன்றிப் பிணை இல்லை. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை எனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். அந்நிலையில் அரசுத் தரப்பு ஆவணங்களை நுணுகி எடைபோடலாகாது என 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பொற்கொல்லன் சொல்லைத் தேராது ஏற்ற பாண்டியனின் பிழை தமிழறிந்தார் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அம்மன்னனை எந்தச் சட்டமும் அவ்வாறு நம்புமாறு பணிக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செல்வாக்குடையவர் வெளிவந்தால் சாட்சி வாய் திறவார் என்னும் அச்சம் வெற்றச்சமன்று. 2021இல் நிகழ்ந்த லக்கிம்பூர் கேரி நிகழ்வு தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோர் தரப்பை முறையாகக் கேளாது வழங்கப்பட்ட பிணையை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் நீக்கியது. எனினும் இவ்விருவகைப் பிழைகளும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. பிணையில் வந்தவர் மீண்டும் குற்றம் புரிந்தால் நீதிபதியின் பெயர் செய்தித்தாளில் வரும். குற்றமற்றவர் ஒருவர் ஆறாண்டு சிறையிலிருந்து விடுதலையானால் பிணை மறுத்தவரை யாரும் வினவுவதில்லை. மறுப்பதே பாதுகாப்பு என்னும் மனப்போக்கு இங்கிருந்தே பிறக்கிறது.

காலநீட்சியே இச்சிக்கலின் உயிர்நிலை. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். ஐந்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தும் 276 சாட்சிகள் எஞ்சியிருந்த ஒரு வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் வழங்கிய பிணையை உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது. விரைவான விசாரணைக்கு வழியில்லாதபோது சிறப்புச் சட்டத்தின் தடை அரசியலமைப்பு நீதிமன்றங்களைக் கட்டாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, உச்சத் தண்டனையில் பாதிக் காலமும், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டோர் மூன்றிலொரு பங்கும் சிறையில் கழித்திருந்தால் விடுதலைக்கு வழிசெய்கிறது. முந்தைய சட்டம் மரண தண்டனைக்குரிய குற்றங்களை மட்டுமே இச்சலுகையினின்று விலக்கியிருந்தது. புதியது ஆயுள் தண்டனைக்குரியவற்றையும் விலக்கியுள்ளது. ஆகவே கொடுங்குற்றம் சாட்டப்பட்டவரின் காத்திருப்புக்கு இப்பிரிவில் எல்லை ஏதும் இல்லை.