ஒத்தன கூடுதல் அறமாகுமா?

'இனம் இனத்தோடே சேரும்' என்னும் பழமொழிக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டதென விடுதி நண்பரொருவர் அண்மையில் மகிழ்ந்துரைத்தார். 2025 ஏப்பிரலில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான சுண்டெலி ஆய்வே அவர் காட்டிய சான்று. ஆய்வு என்னை வியக்கவைத்தது. அவருடைய மகிழ்ச்சியோ உறுத்தியது.

மூளைத் திசுவின் ஒரு கன மில்லிமீற்றருக்கு முழுமையான இணைப்புப் படம் வரைதல் இயலாதென 1979இல் பிரான்சிஸ் கிரிக் எழுதினார். ஏறத்தாழ அவ்வளவு திசுவையே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆய்வாளர் கூடி இன்று வரைந்துள்ளனர். சுண்டெலியொன்றுக்குத் திரைப்படத் துண்டுகளைக் காட்டி, அதன் மூளை மேற்பட்டையிற் பார்வைக்குரிய பகுதிகளில் ஏறத்தாழ 75,000 நரம்புக்கலங்கள் எவ்வெக் காட்சிக்கு எழுச்சியுற்றன எனப் பதிந்தனர். பின்னர் அத்திசுவை ஏறத்தாழ 28,000 மெல்லிய சீவல்களாக்கி இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் படம்பிடித்தனர். கண்ட இணைப்புகள் ஐம்பது கோடிக்கும் மேல். (அச்சுண்டெலியின் சாவு பற்றிய வினா வேறொரு கட்டுரைக்குரியது, எனினும் அது சிறிய வினாவன்று.)

ஒத்த காட்சிக்கு எழுச்சியுறும் கலங்கள், அருகருகே இருப்பினும் பார்வைப் பரப்பின் வெவ்வேறு பகுதிகளில் இருப்பினும், தம்முள் இணைவதையே மிகுதியும் விரும்பின என்பது கண்டறியப்பட்ட செய்திகளுள் ஒன்று. 'விரும்பின' என்பது நமது சொல். கலத்துக்கு விருப்பமுமில்லை, வெறுப்புமில்லை. நண்பரின் வழுக்கல் இச்சொல்லிலேயே தொடங்குகின்றது.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று நம் பெரியோர் இதனைக் கூறுவர். "குழலுக்குள்ளும் பிட்டு வேறு, பூ வேறுதானே, எலியின் மூளையே அப்படியென்றால் நாம் ஒதுங்கி வாழ்வதில் என்ன பிழை?" என்றார் நண்பர்.

உடனே மறுமொழி கூறினேன். ஆய்வாளர் அளந்த ஒப்புமை கலங்களின் எதிர்வினையில் உள்ளது. அயலில் அன்று, பெயரில் அன்று. அவ்வகையிற் பார்த்தால், தாய்வழிக் குடிமுறை இவ்விரு சமூகத்தார்க்கும் பொது. மகளுக்கு வீடு கொடுப்பதும் மருமகன் அவ்வீட்டுக்கு வருவதும் பொது. ஆகவே ஒத்தன கூடுமெனின் நாமே முதலிற் கூடவேண்டியவர்கள் என்றேன். விடுதியில் இருந்தோர் என் பக்கம் சாய்ந்தனர். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

இரவில் மீண்டும் எண்ணியபோதுதான் என் வாதமும் அவருடைய வாதத்தின் பிறிதொரு வடிவமே எனக் கண்டேன். இருவரும் எலியின் மூளையிலிருந்து மனிதரின் கடமையைப் பிழிந்தெடுக்க முயன்றோம். அவருக்கு வேண்டிய முடிவை அவரும் எனக்கு வேண்டியதை நானும் பெற்றோம். 'உளது' என்பதிலிருந்து 'ஆகவேண்டும்' என்பதற்கு ஓசையின்றித் தாவும் எழுத்தாளரைப் பற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் எச்சரித்தார். நல்ல முடிவை நோக்கித் தாவினாலும் அது தாவலே. நாளை வேறோர் ஆய்வு, ஒவ்வாதனவே மிகுதியும் இணைகின்றன என நிறுவுமாயின் நான் என் அயலாரை வெறுக்கவேண்டுமா?

1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். செப்தெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிற் குழந்தைகளும் பெண்களும் கொல்லப்பட்டனர். இவை கொடுமையென அறிய எவரும் நுணுக்குக்காட்டியை நாடவில்லை. கொல்லப்பட்டோர் கொன்றோரை எவ்வளவு ஒத்திருந்தனர் என்பதைப் பொறுத்தும் அக்கொடுமை கூடவோ குறையவோ இல்லை. நானோ ஒப்புமையைக் காட்டித்தான் அயலாருக்கு உரிமை தேடினேன். ஒவ்வாதவருக்கு அவ்வுரிமை இல்லையென்றல்லவா அதன் பொருள்?

மறுநாள் நண்பரிடம் சென்று என் வாதத்தை மீளப்பெற்றேன். "அப்படியாயின் இயற்கை நமக்கு ஒன்றுமே சொல்லாதா?" என்றார். எது எளிது, எது அரிது என்பதைச் சொல்லலாம். எளிதென்பதற்காகச் செய் என்று சொல்லாது என்றேன். அவர் இன்னும் உடன்படவில்லை.