மடியில் வைத்துக்கொண்ட அடி

மே மாத விடுமுறைக்கு அக்கா மகன் அன்னவாசல் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறவன். ஒருநாள் சாயங்காலம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, "மாமா, இது நான் பொறந்த வருஷத்து கேம். சண்டைக்காக ஆடாதீங்க, கதைக்காக ஆடுங்க" என்றான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியே வயது போன எனக்கு அதற்கு முன் அப்படி ஓர் ஆட்டத்தில் கை வைத்த பழக்கம் கிடையாது. அன்று ஆரம்பித்தவன் பன்னிரண்டு இரவுகள் அதிலேயே கிடந்தேன்.

ஆட்டத்தின் பெயர் ஜேட் எம்பயர். கனடாவின் எட்மன்டன் நகரத்தில் உள்ள பயோவேர் நிறுவனம் 2005இல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக வெளியிட்டது. 2007இல் கணினிக்கும் வந்தது. பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பழைய சீனத்துக் கதைகளிலிருந்து ஒரு கற்பனை நாட்டைக் கட்டியிருக்கிறார்கள். அந்த நாட்டு மக்கள் பேச 'தோ ஃபான்' என்று ஒரு மொழியையே மொழியியல் படித்தவரை வைத்துப் புதிதாக உண்டாக்கியிருக்கிறார்கள் என்று மருமகன் சொன்னபோது அவர்கள்மேல் மரியாதை வந்தது.

சீனம், சண்டை என்று இரண்டு சொல் சேர்ந்து காதில் விழுந்தால் நம்மவர்கள் உடனே போதிதருமரைக் கூப்பிட்டுவிடுவார்கள். என்னை இழுத்தது அது கிடையாது. இரண்டு ஆறுகளின் பெயர் கொண்ட ஒரு சின்னக் கிராமத்தில், லீ என்ற வயதான ஆசான் நடத்தும் சண்டைப்பள்ளியில் கதை தொடங்குகிறது. நாம் அவருடைய தலைமாணாக்கர். தாய் தகப்பன் தெரியாத நம்மைக் கைக்குழந்தையிலிருந்து எடுத்து வளர்த்தவர் அவர்தான். கோபப்பட மாட்டார். அதட்ட மாட்டார். ஒரு வீச்சு தவறினால் பக்கத்தில் வந்து நின்று, மறுபடி செய் என்பார். நான் ஆக விரும்பி ஆக முடியாமல் போன வாத்தியார் அவர்.

"இந்த மனுஷன் ரொம்ப நல்லவரா இருக்காரேடா" என்றேன். மருமகன் ஏற்கெனவே முழுக்க ஆடி முடித்தவன். முகத்தைக் கைப்பேசிக்குத் திருப்பிக்கொண்டு, "ஆடுங்க மாமா" என்றான்.

அந்த நாட்டில் நீண்ட பஞ்சம் ஒன்று வந்திருந்தது. மழையைக் காக்கும் தெய்வமான நீர்நாகத்தைப் பேரரசன் சிறைப்பிடித்து, அதன் உடம்பிலிருந்து தண்ணீர் ஓடும்படி செய்து பஞ்சத்தைத் தீர்க்கிறான். தெய்வம் கட்டுண்டதால் செத்தவர்களின் ஆவிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாமல், காவிரித் தண்ணீர் ஓரத்தை மட்டும் தொட்டுப் போகிற, ஆயிரக்கணக்கான கண்மாய்களை நம்பி வானம் பார்க்கிற புதுக்கோட்டைச் சீமையில் இருந்துகொண்டு அந்தப் பேரரசனைச் சட்டென்று வெறுக்க என்னால் முடியவில்லை. வெடித்த கண்மாயில் நடந்தவனுக்குத் தெரியும், தண்ணீருக்காக மனிதன் எதைச் செய்வான் என்று.

ஆனால் சொல்ல வந்தது வேறு. கிராமத்தை விட்டுக் கிளம்பிப் போகிற பயணத்தில் பல சண்டைமுறைகளைக் கற்கிறோம்; 'பாயும் புலி' என்றே ஒரு முறைக்குப் பெயர். வழியில் பார்க்கிறவர்களில் சிலர் நம் ஆட்டத்தை உற்றுக் கவனித்து, உன் முறையில் ஓர் இடத்தில் திறப்பு இருக்கிறதே என்கிறார்கள். அதை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை. எதிராளியை உள்ளே இழுக்க வேண்டுமென்றே வைத்த பொறி என்று எடுத்துக்கொண்டு வியக்கிறார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. என் வாத்தியார் கொடுத்த பாணி அல்லவா!

கடைசியில் அரண்மனையில் பேரரசன் விழுகிறான். ஆசான் அருகில் வருகிறார். நம்மை வளர்த்த கை, நம் முறையில் உள்ள அந்தத் திறப்பு வழியாகவே நுழைந்து நம்மைக் கொல்கிறது. அவர் பேரரசனின் தம்பி. அரியணைக்காக இருபது வருடம் காத்திருந்தவர். நம்மை ஆயுதமாக வளர்த்து, வேலை முடிந்ததும் உடைத்துப் போட வசதியாக, கற்பிக்கும்போதே ஓர் ஓட்டையையும் சேர்த்துக் கற்பித்திருக்கிறார்.

கதை அங்கே முடிவதில்லை. ஆவியுலகம் போய்த் திரும்பி வந்து அவரையே எதிர்க்கிறோம். நான் மட்டும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அன்று இரவு வெளியே கயிற்றுக்கட்டிலில் படுத்தும் தூக்கம் வரவில்லை. கொலைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஓட்டையைப் பற்றிப் பெருமைப்பட்டேனே, அதுதான் உறுத்தியது.

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், கம்பு சுற்றுவார். அறுப்பு முடிந்த மாதங்களில் களத்தில் வாத்தியார் ஒருவர் இரவில் வந்து சிலம்பம் சொல்லிக்கொடுத்தாராம். சலாம் வரிசையில் தொடங்கி, சுவடு பிடித்து, வீச்சு வரைக்கும் ஐயா கற்றார். வயதான காலத்திலும் அவர் கம்பை எடுத்தால் காற்று அறுபடுகிற சத்தம் கேட்கும். ஆனால் வலப்பக்க வீச்சு முடிந்து உடம்பு திரும்பும்போது கண்ணிமைக்கிற நேரம் இடது விலா திறந்து கிடக்கும். அதை அவரே காட்டிச் சொல்வார்: "இதுக்கு ஒரு மறுவீச்சு இருக்கு. வாத்தியார் அந்த அடியை மட்டும் மடியிலேயே வச்சுக்கிட்டுப் போயிட்டாரு." சொல்லும்போது குரலில் வருத்தம் இருக்காது. ஆசான் என்றால் அப்படித்தான் என்கிற ஏற்பு இருக்கும்.

அப்பத்தா அதற்கு ஒரு கதை வைத்திருந்தாள். புலி பூனையிடம் வித்தை கற்க வந்தது. பதுங்க, பாய, பிடிக்க எல்லாம் பூனை கற்றுக்கொடுத்தது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்த புலி குருவையே தின்னப் பாய்ந்தபோது பூனை மரத்தில் ஏறிக்கொண்டது; மரம் ஏறும் வித்தையை மட்டும் அது சொல்லித்தரவில்லை. இதே கதையைத் தன் பாட்டியிடம் கேட்டதாகச் சீன எழுத்தாளர் லூ சுன் 1926இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொல்கிறார். இத்தனை மலையும் கடலும் தாண்டி இரண்டு பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே எச்சரிக்கையைச் சொல்லியிருக்கிறார்கள். யோசித்தால் அது பேரப்பிள்ளைக்கான எச்சரிக்கைகூட இல்லை. கற்றுக்கொடுக்கிறவனுக்கான எச்சரிக்கை.

எல்லா மறைப்பும் வஞ்சகம் என்று நான் சொல்ல மாட்டேன். வர்மம் அறிந்த ஆசான்கள் மாணவனின் குணத்தைப் பல வருடம் பார்த்த பிறகே வர்மப் புள்ளிகளைச் சொல்வார்கள். தொட்டால் உயிர் போகும் இடத்தைக் கோபக்காரன் கையில் கொடுப்பது பாவம். சித்தர்கள் மருந்தைப் பரிபாஷை என்கிற மறைமொழியில் எழுதியதற்கும் அப்படி ஒரு காரணம் சொல்கிறார்கள். அதே பழக்கத்தால் எத்தனையோ கைமருந்தும் கைவேலையும் ஆசானோடு சுடுகாட்டுக்குப் போனதும் உண்மைதான். எது பொறுப்பு, எது பயம், எது பேராசை என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. லீயின் முகத்தை அத்தனை இரவும் உற்றுப் பார்த்த எனக்கே தெரியவில்லையே.

இப்படியே லீயைப் பற்றி நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் பார்த்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

இரண்டு மூன்று வருடம் முந்தி நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், நல்ல மதிப்பெண். பொறியியல் முதல் வருடம் போய்க்கொண்டிருந்தாள். ஓடி வந்து வணக்கம் சொன்னாள். படிப்பு எப்படிம்மா போகுது என்று கேட்டேன். "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே வேகமாப் போட்டுருவேன் சார். அது ஏன் அப்படி வருதுன்னு கேட்டா மட்டும் நின்னுடுறேன் சார்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குறை சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. நானும் சிரித்து, போகப் போகச் சரியாயிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சரியாகியிருக்காது. ஏனென்றால் அந்த இடத்தை நான்தான் காலியாக விட்டேன். தேற்றத்துக்கு நிரூபணம் நடத்த நேரம் போதாது. "தேர்வுக்கு இது வராது, சூத்திரத்தை மட்டும் மனசுல வை" என்பேன். பிள்ளைகள் வேகமாகக் கணக்குப் போட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். சாரோட பிள்ளைகள் கணக்கில் புலி என்றார்கள். ஆட்டத்தில் வழியில் பார்த்தவர்கள் ஓட்டையை உத்தி என்று வியந்தார்களே, அதேபோல. அவளும் அதைத் தன் பாணி என்று நம்பிக்கொண்டு போயிருக்கிறாள், வேறொருவர் கேள்வி கேட்கும்வரை.

லீ திட்டம் போட்டு மறைத்தார். நான் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்து அதை விட்டேன். ஆனால் மறைத்து விட்டதும் நல்லதென்று விட்டதும் மாணவர் உடம்பில் ஒரே மாதிரித்தான் நிற்கின்றன. விலா திறந்துதான் கிடக்கிறது. நமக்குள் இருக்கும் திறப்பை நம் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணும் அதே கையிடம் கற்றதுதானே.

விடுமுறை முடிவதற்குள் மருமகனைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப் போனேன். சிகாநாதர் கோயிலை ஒட்டிய மலைச்சரிவில் மேலக்கோயில் என்கிற குடைவரை இருக்கிறது. அதன் அருகே பாறை முகத்தைச் சமன்படுத்திச் சுரங்களை வெட்டியிருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு, பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பகுதிகள், நான்கு நான்கு சுரங்களாகச் சேர்த்த கட்டுகள். வெட்டச் செய்த அரசன் தன் பெயரைச் சொல்லவில்லை. மகேந்திரவர்மப் பல்லவன் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. அவன் தன்னைப் பற்றிச் சொல்வது, ருத்ராசாரியரின் மாணவன், சிவனடியான் என்பதுதான். இதைச் செய்த காரணத்தையும் கல்லிலேயே சொல்லிவிட்டான்: மாணவர்களின் நன்மைக்காக.

வித்தையை மடியில் கட்டிக்கொண்டு போகாமல் வெயிலும் மழையும் படுகிற பாறையில் விரித்து வைத்திருக்கிறான், யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. எத்தனையோ முறை இங்கே வந்திருக்கிறேன். பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இது இசைக் கல்வெட்டு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அன்றுதான் அந்தப் பாறை முன்னால் கை கூப்ப வேண்டும் என்று தோன்றியது.

மருமகன் எழுத்துகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை எப்படிப் பாடுறது மாமா?"

"அது யாருக்கும் நிச்சயமாத் தெரியாதுடா."

அதுதான் நிலைமை. ஒரே சுரத்தை ச, சி, சு, செ என்று உயிரெழுத்து மாற்றி மாற்றி வெட்டியிருக்கிறார்கள். சில எழுத்தின் தலையில் புள்ளி. அவை எதைக் குறிக்கின்றன என்று அறிஞர்கள் விதவிதமாகச் சொல்கிறார்கள். பாறையிலிருந்து நேரே பாட்டாக எடுத்துக்கொள்ள வழியில்லை. இதே போன்ற கல்வெட்டு திருமயத்திலும் இருந்து பெரும்பகுதி அழிந்துபோயிற்று.

"எல்லாத்தையும் எழுதி வச்சும் ஒண்ணு விட்டுப்போச்சா?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. மறைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாதவன்கூட ஒன்றை விட்டுவிடுகிறான்: தனக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்ட ஒன்றை. சி என்றால் என்ன என்பதை எழுத வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. அன்று பாறைக்கு முன்னால் உட்கார்ந்து படித்த மாணவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள், அவனும் பாடிக் காட்டியிருப்பான். கேட்கிறவர்கள் இருந்தவரைக்கும் அது பாட்டாக இருந்தது. கேட்கிற ஆள் போனதும் கல்லாகிவிட்டது. எந்த ஆசானும் முழுசாகக் கொடுத்துவிட முடியாது போலும். கொடுத்த இடத்தில் உள்ள திறப்பைத் தொட்டு, இது என்ன என்று கேட்க ஒரு பிள்ளைக்குத் தைரியம் கொடுத்தாலே உண்டு. லீ அத்தனை அன்பாக இருந்தும், அதை மட்டும் கொடுக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டாவது வாரத்தில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு முடித்துத் திரும்பினேன். அரசமர நிழல் விழுகிற கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார், மூணாவது வரியிலேர்ந்து நாலாவது வரி எப்படி வந்துச்சு?"

பலகையைப் பார்த்தேன். இரண்டு வரிக்கும் நடுவே இடமில்லை. பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, அங்கேயிருந்து எழுத ஆரம்பித்தேன்.