குணமும் குணமாவதும்

சாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். மகளுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் இரவு 11 மணிக்கு அந்தத் தாய் என் கதவைத் தட்டி, "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போகணும், கொஞ்சம் கூட வாங்க" என்றாள். பெண்ணின் இடக்கையில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. காரணம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, தெருவுக்கே தெரியும்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. முதலில் பரபரப்பாகத்தான் ஓடி வந்தார்கள். பழைய சீட்டை வாங்கிப் பார்த்ததும் பரபரப்பு அடங்கிவிட்டது. அதில் 'ஆளுமைக் கோளாறு' என்று யாரோ ஒரு டாக்டர் எழுதியிருந்தார். "மறுபடியும் வந்துட்டியா? உனக்கு இதே வேலையாப் போச்சு" என்றாள் நர்ஸ். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் பார்த்து அனுப்பிவிட்டு, 1½ மணிக்குக் கட்டுப் போட்டார்கள்.

நர்ஸ் மீது எனக்கு அசாத்தியக் கோபம். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்ததும் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது. என் நாவல்களில் இப்படி எத்தனை பெண்கள்! இன்று உருகுவாள், நாளை எரிந்து விழுவாள்; காதலன் தாமதித்தால் உயிரை விடுவதாகச் சொல்வாள். அவளுக்குச் 'சாகசக்காரி' என்று பெயர் வைத்து, கடைசி அத்தியாயத்தில் தண்டனையும் கொடுத்திருக்கிறேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

பெரும்பாலான வியாதிகளின் பெயரைக் கேட்டால் நமக்கு இரக்கம் பிறக்கிறது. இந்தப் பெயர் மட்டும், இருக்கிற இரக்கத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 1988-இல் பிரிட்டனில் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இரு மனநல மருத்துவர்கள் தங்கள் சக டாக்டர்களுக்கு ஒரு கற்பனை நோயாளியின் விவரத்தை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார்கள். சில பிரதிகளில் மட்டும், நோயாளிக்கு ஏற்கெனவே ஆளுமைக் கோளாறு என்று முடிவு கட்டப்பட்டதாக ஒரு குறிப்பு. அதைப் படித்தவர்கள், நோயாளி பிறர் கவனத்துக்காகச் செய்கிறார், எரிச்சலூட்டுபவர், சிகிச்சைக்கு அவ்வளவாகத் தகுதியில்லாதவர் என்று எழுதினார்கள். பார்த்தே இராத ஒருவரைப் பற்றி!

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரவெல்லாம் கண்விழித்து, அதே கைக்கு நாலாவது முறை கட்டுப் போடுகிறவருக்குச் சலிப்பு வராதா? வரும். சலிப்பைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதை நோயாளியின் லட்சணமாகச் சீட்டில் ஏற்றுவதுதான் உறுத்துகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியையும் உடல்நோயாளிக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. நள்ளிரவில் சட்டப் புத்தகத்தை யார் புரட்டுகிறார்கள்?

தமிழில் 'குணம்' என்றால் சுபாவம். வியாதி தீர்வதும் குணம்தான். பிறவிக் குணத்தை மட்டை வைத்துக் கட்டினாலும் மாற்ற முடியாது என்று முதல் அர்த்தத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அமெரிக்காவில் மேரி ஸனாரினி என்ற ஆராய்ச்சியாளரின் குழு, 1992 முதல் இந்தக் கோளாறின் ஒரு வகை உள்ள 290 பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்தது. பெரும்பாலோருக்கு நோயின் குறிகள் தணிந்துவிட்டன. அவ்வகை நோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்த மார்ஷா லினஹன், 2011-இல் ஒரு செய்தியைப் பகிரங்கமாகச் சொன்னார்: 1961-இல், 17 வயதில், தாமே தம்மைக் காயப்படுத்திக்கொண்டு மனநல ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். அதைச் சொல்ல அவருக்கே ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

போன வாரம் அந்தப் பெண் படிக்கப் புத்தகம் கேட்டு வந்தாள். அலமாரியிலிருந்து அவளாகவே ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் 'சாகசக்காரி' நாவல்தான். எப்படித் தடுப்பது? நேற்றுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இருந்துச்சு மாமா. ஆனா அவ ஏன் அப்படி இருந்தான்னு நீங்க எழுதவே இல்லியே?"

காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.